18 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது: எல்.எல்.ஆர் முதல் தனியாக ஓட்டுவது வரை

தமிழ்நாட்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் கற்றுக்கொண்ட பலரிடம் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். பர்ஸில் லைசென்ஸ் இருக்கும், வாசலில் கார் நிற்கும், ஆனால் ஓட்ட மாட்டார்கள். "ஸ்கூல் வண்டியில நல்லாத்தான் ஓட்டினேன், நம்ம வண்டியில வரமாட்டேங்குது" என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்கூல் வண்டியில் அவர்கள் பிடித்திருந்தது ஸ்டியரிங்கை மட்டும். கிளட்ச்சும் பிரேக்கும் பக்கத்து இருக்கையில் இருந்த மாஸ்டரின் காலில் இருந்தன.

பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரி முதல் வருடத்தில் கார் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். லைசென்ஸ் வாங்கும் வழியை எந்த ஸ்கூலும் சொல்லிவிடும். கட்டிய பணத்துக்கு வண்டி உண்மையாகவே உங்கள் காலுக்கு வர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

18-க்கு முன்பு

கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு விலக்கு இல்லை. 16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும் என்று சொல்வது 50 சிசி-க்கு மிகாத வண்டிக்கு. இன்று எல்லார் வீட்டிலும் நிற்கும் ஸ்கூட்டர்கள் 100 சிசி-க்கு மேல், அவற்றுக்கும் 18 வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகும், 250 வாட்டுக்குக் குறைந்த மின்சார ஸ்கூட்டருக்கு மட்டும்தான் லைசென்ஸ் தேவையில்லை.

"நம்ம தெருவுக்குள்ளதானே" என்று அப்பா சாவியைக் கொடுப்பது பழைய வழக்கம். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதன் விலை ஏறிவிட்டது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 ஆகும்வரை சில மாதம் பொறுக்காததற்கு, அதற்குப் பிறகும் ஏழு வருடம் காத்திருக்க வேண்டிவரும்.

17 வயதில் வேறு வேலை இருக்கிறது. காரில் போகும்போது முன் இருக்கையில் உட்காருங்கள், போனை உள்ளே வையுங்கள். ஓட்டுபவர் எப்போது கண்ணாடியைப் பார்க்கிறார், எந்த வேகத்தில் எந்த கியருக்கு மாற்றுகிறார், முன்னால் போகும் பஸ் நிற்கப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று கவனியுங்கள். அவர் பிரேக் போடுவதற்கு முன்பே "இப்போது போடுவார்" என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று விளையாட்டாகப் பாருங்கள். சாலையைப் படிக்கும் கண் இப்படித்தான் வரும். ஸ்கூலில் அதற்கு நேரம் இருக்காது. சைக்கிளில் மெயின் ரோட்டில் போய் வந்த பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

எல்.எல்.ஆர்

பழகுநர் உரிமத்தை எல்லாரும் எல்.எல்.ஆர் என்றே சொல்கிறோம். பரிவாஹன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குப் போய் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல்நிலை பற்றி நீங்களே உறுதி சொல்லும் படிவம் 1-ஐயும் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டை உங்களால் படிக்க முடியுமா என்று கேட்பார்கள். யோசிக்காமல் 'ஆம்' போட்டுவிடாதீர்கள். தெருவில் நின்று ஒரு முறை நிஜமாகவே படித்துப் பாருங்கள். கண்ணாடி தேவை என்பது பல பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் தெரியவருகிறது.

கார், பைக் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், எழுத்துத் தேர்வுக்கு 50. பிறகு ஓட்டும் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. இவற்றோடு மாநிலத்தின் சேவைக் கட்டணமும் சேரும். இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஸ்கூல் சொல்லும் மொத்தத் தொகையில் அரசுக்கு எவ்வளவு, அவர்களுக்கு எவ்வளவு என்று கேட்க வாய் வரும்.

தேர்வு கணினியில், தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் எடுத்தால் போதும். சிவப்பு வட்டம் போட்ட பலகை கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல் என்ற பாகுபாடு மனதில் இருந்தால் பாதிக் கேள்விகள் முடிந்தன. சில இடங்களில் "நீங்க வர வேண்டாம், நாங்களே எழுதிடுறோம்" என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் முடியும் விஷயம் இது.

எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளைத்தான் நாம் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

எல்.எல்.ஆர் கைக்கு வருவதற்கு முன் ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். "ரெண்டு நாள்ல வந்துடும், அதுக்குள்ள ஆரம்பிச்சிடலாம்" என்று ஸ்கூலே சொன்னாலும் சரி. கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று இருக்கும், ஆனால் விதிகளைக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, 18 சென்டிமீட்டர் சதுரம் என்று அளவு வரைக்கும் விதியில் இருக்கிறது.

எந்த ஸ்கூல்?

தெருமுனை ஸ்கூலா, கார் கம்பெனி பெயரில் நடக்கும் பெரிய ஸ்கூலா என்ற கேள்விக்கு என் பதில்: பெயரைப் பார்க்காதீர்கள், மாஸ்டரைப் பாருங்கள். பெரிய இடத்தில் புது வண்டியும், கணினி சிமுலேட்டரும், வகுப்பறையும் இருக்கும், கட்டணமும் கூடுதல். தெருமுனை ஸ்கூலில் ஆல்டோவோ பழைய ஸ்விஃப்ட்டோ இருக்கும். ஆனால் உங்கள் ஏரியாவின் சந்துபொந்து, பள்ளிக்கூடம் விடும் நேரம், மாடு படுத்திருக்கும் வளைவு எல்லாம் அந்த மாஸ்டருக்கு அத்துப்படி. நாளை நீங்கள் ஓட்டப்போவதும் அதே தெருக்களில்தான்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு வகுப்பு எத்தனை நிமிடம்? அதில் நான் ஸ்டியரிங்கில் இருக்கும் நேரம் எவ்வளவு? பின் சீட்டில் இன்னும் இரண்டு பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு "ஒரு மணி நேர கிளாஸ்" என்று கணக்கு எழுதும் இடங்கள் இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்த உபயோக வண்டிக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் மாணவர் தாமே ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்குப் படிவம் 15 என்று ஒரு பதிவேடும் ஸ்கூல் வைத்திருக்க வேண்டும். "என்னோட டிரைவிங் ஹவர்ஸ் ரெஜிஸ்டரைப் பாக்கலாமா?" என்று தன்மையாகக் கேளுங்கள். கேட்கத் தெரிந்த ஆள் என்று தெரிந்தாலே வகுப்பின் நீளம் கூடிவிடும்.

பாதி வகுப்பில் மாஸ்டரை மாற்றுவார்களா, கடைசி வாரம் ஊர் நெரிசலில் விடுவார்களா, ரிவர்ஸும் பார்க்கிங்கும் கட்டணத்தில் சேர்த்தியா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கியர் மாற்றச் சொல்லித்தர உங்கள் கைமேல் கை வைக்க வேண்டிய அவசியம் எந்த மாஸ்டருக்கும் இல்லை. ஆபத்தென்றால் அவர் காலுக்குக் கீழே பிரேக் இருக்கிறது, தேவைப்பட்டால் ஸ்டியரிங்கின் ஓரத்தைப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் "சொன்னா போதும் சார், நானே பண்றேன்" என்று சொல்லுங்கள். பிறகும் தொடர்ந்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிடலாம், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. பெண் பயிற்சியாளர் இருக்கும் ஸ்கூல்கள் இப்போது பல ஊர்களில் உண்டு. முதல் சில வகுப்புகளுக்கு அம்மாவோ அக்காவோ பின் சீட்டில் வருவேன் என்றால் மறுக்கும் ஸ்கூலில் சேரவே வேண்டாம்.

உட்காரும் விதம்

இதை ஒரே நாளில் சரி செய்துவிடலாம், ஆனால் யாரும் செய்வதில்லை. கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையிலும் இடது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் பட வேண்டும். உயரம் குறைந்தவர்கள் வெட்கப்படாமல் ஒரு கெட்டியான குஷன் போட்டுக்கொள்ளுங்கள், பானெட் தெரியாமல் எதையும் கணக்கிட முடியாது. மூன்று கண்ணாடிகளையும் உங்களுக்கு ஏற்ற மாதிரி திருப்புங்கள். முந்தைய மாணவர் உயரமாக இருந்திருப்பார். சீட் பெல்ட். காலில் ஹவாய் செருப்பு வேண்டாம், அது பெடலுக்கு அடியில் மாட்டும். தண்ணீர் பாட்டிலை டிரைவர் பக்கம் தரையில் வைக்காதீர்கள், உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

கிளட்ச்: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

ஆட்டோமேட்டிக் கார்தான் வாங்கப்போகிறோம் என்றாலும் கியர் வண்டியில் கற்றுக்கொள்வதையே நான் சொல்வேன். அவசரத்துக்கு மாமா வண்டியை எடுக்க வேண்டி வந்தால் அது கியர் வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நிற்கும் வண்டியின் சக்கரம் சுற்றவில்லை. இரண்டையும் பிரித்து வைப்பதும் மெதுவாகச் சேர்ப்பதும் கிளட்ச்சின் வேலை. மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். சட்டென்று விட்டால் சுற்றாத சக்கரம் சுற்றும் இன்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆவது அதனால்தான். மெல்ல மெல்ல விடும்போது ஓர் இடத்தில் இரண்டும் உரசத் தொடங்கும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும், பானெட் லேசாக எழும், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். மாஸ்டர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்வது இந்த இடத்தை. ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு உயரத்தில் இருக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி. சமமான காலி மைதானம். ஃபர்ஸ்ட் கியர். வலது காலை ஆக்ஸிலேட்டரில் வைக்கவே கூடாது, பிரேக்கின் மேல் சும்மா இருக்கட்டும். கிளட்ச்சை மட்டும் மிகமிக மெதுவாக விடுங்கள். உரசும் இடம் வந்ததும் காலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். நான்கடி போனதும் மறுபடி கிளட்ச், பிரேக், நிறுத்தம். இதையே ஒரு முழு வகுப்பும் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், மாஸ்டருக்கு உங்களைவிட அதிகமாகச் சலிக்கும். "போதும்மா, ரோட்டுக்குப் போலாம்" என்பார். விடாதீர்கள். இந்த ஒரு வகுப்பில் இடது கால் கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுக்க மறக்காது.

ஆரம்பத்தில் சொன்ன விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் பெடல்கள் இருக்கும். முதல் இரண்டு நாள் அவர் உதவுவது சரி. மூன்றாம் நாளிலிருந்து, "மாஸ்டர், இன்னைக்கு நீங்க கால் வைக்காதீங்க, ஆஃப் ஆனா ஆகட்டும், ஆபத்துன்னா மட்டும் பிரேக் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள். உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும். வண்டி நான்கு முறை ஆஃப் ஆகும். ஆகட்டும், அதற்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். அவர் கால் வைக்கிறாரா என்று கண்டுபிடிப்பதும் எளிது. நீங்கள் மிதிக்காமலே உங்கள் பெடல் தானாகக் கீழே போகும், இரண்டும் இணைக்கப்பட்டவை.

சாலை நடுவில் வண்டி ஆஃப் ஆனால், பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் வரிசை இதுதான்: பிரேக், ஹேண்ட் பிரேக், கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட், ஃபர்ஸ்ட் கியர், கிளம்புதல். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் கை நடுங்காது. ஹாரன் அடிப்பவர் உங்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை.

இடது பக்கம்

நம் கார்களில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது ஓரம் கண்ணுக்குத் தெரியும், இடது ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. 'லெஃப்ட் ஜட்ஜ்மென்ட்' வரவில்லை என்று புலம்பாத மாணவர் இல்லை. பயத்தில் எல்லாரும் நடுரோட்டுக்கே வந்துவிடுவார்கள்.

நசுக்கிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை மைதானத்தில் போட்டு, இடது முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றப் பாருங்கள். ஏறினால் சத்தம் கேட்கும். ஏறும் நேரத்தில் அந்தப் பாட்டில் இருந்த கோடு முன் கண்ணாடியின் எந்த இடத்தில் தெரிந்தது என்று கவனியுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் அது நீங்கள் நினைப்பதைவிடக் கண்ணாடியின் நடுப்பக்கமாக இருக்கும். இது பிடிபட்டால் சந்தில் எதிரே ஆட்டோ வரும்போது எவ்வளவு ஒதுங்கலாம் என்ற தைரியம் வந்துவிடும்.

சாலைக்கு வந்தபின்

காலை ஐந்தரை, ஆறு மணி வகுப்பு சுகமானது. காலியான சாலை, குளிர்ந்த காற்று. முதல் வாரத்துக்கு அது சரி. மூன்றாம் வாரமும் அதே நேரத்தில் போனால் நீங்கள் காலி சாலையில் ஓட்டக் கற்றவர் ஆவீர்கள், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகும் வகுப்பு குறைந்தது இரண்டாவது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

நம் சாலைகளுக்குப் புத்தகத்தில் இல்லாத சைகை மொழி ஒன்று உண்டு. எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால், வெளிநாட்டு வீடியோக்களில் "நீங்கள் போங்கள்" என்று பொருள் சொல்வார்கள். இங்கே அதன் பொருள் "நான் வருகிறேன், நில்" என்பது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அவர் வலப்பக்கம் திரும்பப்போகிறார் என்றும் இருக்கலாம், "என்னை முந்திக்கொண்டு போ" என்றும் இருக்கலாம். இரண்டில் எது என்று உறுதியாகும் வரை பின்னாலேயே இருங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு சந்திப்பில் நேராகப் போகிறவர்களைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். அது பழுதாகி நிற்கும் வண்டிக்கானது. பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும், நீங்கள் திரும்புகிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.

இருசக்கர வண்டிகள்தான் உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டும். 2022-இல் இந்தியாவிலேயே அதிகமான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். காரில் இருக்கும் உங்களுக்கு பம்பரில் ஒரு கீறல், அவருக்கு உயிர். நீங்கள் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்ததும், கிடைத்த இடைவெளியில் இடப்புறமாகவே ஒரு பைக் நுழையும். அதனால் இடப்பக்கம் திரும்பும் முன் இடது கண்ணாடியை இரண்டு முறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள், இண்டிகேட்டருக்கு முன் ஒரு முறை, ஸ்டியரிங்கைத் திருப்பும் முன் ஒரு முறை. நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும்போதும் அப்படியே. வலது கதவை இடது கையால் திறந்தால் உடம்பு தானாகப் பின்னால் திரும்பும், வரும் பைக் கண்ணில் படும்.

நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போது அதன் முன்னாலிருந்து ஒருவர் ஓடி வருவார் என்றே வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸுக்கு அடியில், முன் சக்கரத்தின் அருகே கால்கள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். ஷேர் ஆட்டோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ரோட்டோரத்தில் பந்து உருண்டு வந்தால் பின்னால் குழந்தை வரும். நாய் ஓடிவந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒடித்தால் பக்கத்தில் வரும் பைக்மேல் போய் விழுவீர்கள்.

எங்கே சந்தேகம் வந்தாலும் வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கின் மேல், மிதிக்காமல், வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தால் அந்த நொடியில் ஒரு பகுதி மிச்சம்.

ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்கு வழி விட வேண்டும், அதாவது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு. யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது உண்மைதான். நீங்கள் கடைப்பிடியுங்கள், மற்றவர் கடைப்பிடிப்பார் என்று மட்டும் நம்பாதீர்கள்.

மேம்பாலத்தின் ஏற்றம்

மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசலில் நின்றுவிட்டால் பல புது டிரைவர்களுக்கு வியர்த்துவிடும். பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பைக், பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் கியர், லேசாக ஆக்ஸிலேட்டர், கிளட்ச்சை உரசும் இடம் வரை விடுங்கள். வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. கிளட்ச் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவருக்கு இது ஒரு வகுப்பு வேலை, செய்யாதவருக்கு எப்போதும் கண்டம்தான். நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும் வாடை வரும்.

ரிவர்ஸ்

வண்டியின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், முழுக்கவும் கிளட்ச்சிலேயே ஊருங்கள், பின்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முன்பக்க மூலை எதிலாவது இடிக்கும். அவ்வளவுதான். ரிவர்ஸ் கேமரா இருக்கும் வண்டியிலும் முதலில் கண்ணாடிகளை வைத்தே பழகுங்கள்.

வீட்டு வண்டியில்

ஸ்கூலில் பத்து மணி நேரம் முடிந்ததும் வீட்டு வண்டியில் பழக ஆரம்பிக்க வேண்டும். அங்கே பக்கத்தில் உட்காருபவர் காலடியில் பிரேக் இல்லை, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கலாம். இரண்டையும் சமாளிக்கச் சில ஏற்பாடுகள்.

பக்கத்தில் உட்காருபவர் லைசென்ஸ் உள்ளவராக, நிதானமானவராக இருக்க வேண்டும். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வீடுகளில் சித்தப்பாவோ தாய்மாமாவோ பொருத்தமாக இருப்பார். எங்கே போகிறோம், எங்கே திரும்புகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். ஓடும்போது "மெதுவா" "நிறுத்து" என்ற இரண்டு சொல் போதும். மற்ற விமர்சனம் எல்லாம் வண்டியை ஓரம் கட்டிய பிறகு. 'எல்' பலகை இந்த வண்டியிலும் வேண்டும். இரண்டு இருக்கைக்கு நடுவே நெம்புகோல் மாதிரி ஹேண்ட் பிரேக் இருக்கும் காராக இருந்தால், பக்கத்தில் இருப்பவர் அதை எட்டிப் பிடிக்க முடியும். ஊர்ந்து போகும் வேகத்தில் அது கைகொடுக்கும், வேகமாகப் போகும்போது சட்டென்று இழுத்தால் வண்டி சறுக்கிவிடும். அதனால் ஆரம்பத்தில் மூன்றாவது கியரைத் தாண்டாத சாலைகளே போதும். ஹேண்ட் பிரேக்குக்குப் பொத்தான் மட்டும் உள்ள காரில் இந்தப் பாதுகாப்பை அப்படியே நம்ப முடியாது. அந்த வண்டியில் பழக இன்னும் சில வாரம் பொறுங்கள்.

முதல் நாள் வீட்டு வண்டியில் நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். மைதானத்துக்குக் கொண்டுபோய், அந்த வண்டியின் ஹாஃப் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று மறுபடி தேடுங்கள். "நம்ம வண்டியில வரமாட்டேங்குது" என்ற பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆர்.டி.ஓ ஆபீஸில்

தேர்வு நாளை சாரதி பக்கத்தில் முன்பதிவு செய்யலாம். சொந்த உபயோகக் காருக்கான லைசென்ஸுக்கு ஸ்கூல் சான்றான படிவம் 5 இருந்தால் இணைக்கலாம், இருந்தே ஆக வேண்டும் என்று விதியில்லை. வீட்டில் கற்றுக்கொண்டவரும் நேரடியாகப் போகலாம், ஓட்டிக்காட்ட வேண்டிய வண்டியை அவரே கொண்டுபோக வேண்டும். அந்த வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும்.

தேர்வு வைப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். பைக்குக்கு எட்டு போட வேண்டும். காருக்குப் பல இடங்களில் ஹெச், அதாவது அந்த எழுத்தின் வடிவத்தில் முன்னும் பின்னும் ஓட்டுவது, சில இடங்களில் கொஞ்ச தூரம் சாலையில் ஓட்டிக்காட்டுவது. ஹெச் போட ஸ்கூல்களில் ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள்: "அந்தக் கம்பம் இந்தக் கண்ணாடியில தெரிஞ்சதும் ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடி." அந்த வண்டியில், அந்த மைதானத்தில் அது கச்சிதமாக வேலை செய்யும். வேறு எங்கும் செய்யாது. தேர்வுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை. ரிவர்ஸ் தெரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சீட் பெல்ட், கண்ணாடி, இண்டிகேட்டர் இந்த மூன்றையும் ஆய்வாளர் பார்க்கும்படி நிதானமாகச் செய்யுங்கள். கை சிக்னல்களையும் கேட்கலாம். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறவில்லை என்றால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ தேர்வே எழுத வேண்டாம், தனியார் ஸ்கூலே லைசென்ஸ் தரும் என்று 2024-இல் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது தவறு. அரசு அங்கீகாரம் பெற்ற தனி வகைப் பயிற்சி மையங்கள் 2021-இல் வந்த விதிகளின்படி இருக்கின்றன. அங்கே 4 வாரத்தில் 29 மணி நேரப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் தேர்விலிருந்து விலக்கு. உங்கள் தெருமுனை ஸ்கூல் அந்த வகையில் வராது.

லைசென்ஸ் வந்த பிறகு

அட்டை தபாலில் வரும். அதன் டிஜிட்டல் பிரதியை டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டால் சோதனையில் காட்டலாம். 18 வயதில் வாங்கும் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும்.

முதல் ஆறு மாதத்துக்கு வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவற்றை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. நான் சொல்வது இது: முதல் மாதம் பகலில், தெரிந்த வழியில், தனியாகவோ வீட்டார் ஒருவருடனோ. வண்டி நிறைய நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் போவது அப்புறம். பின் சீட்டில் நான்கு பேர் "இன்னும் அழுத்துடா" என்றால் 18 வயதில் அழுத்தாமல் இருப்பது கஷ்டம். அதனால் அந்தச் சூழலையே தள்ளிப்போடுவது நல்லது.

இரவு ஓட்டத்தைத் தனியாகப் பழக வேண்டும். எதிரே வருபவர் டிம் பண்ண மாட்டார். அவர் விளக்கைப் பார்க்காமல், சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் விளக்கில்லாத சைக்கிளோ, பாதி ரோட்டில் நிற்கும் டிராக்டரோ இருக்கலாம். முதல் மழையின் முதல் அரை மணி நேரம் சாலை மிகவும் வழுக்கும், தூசியும் எண்ணெயும் கலந்து மேலே மிதக்கும். முடிந்தால் அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்கிவிடுங்கள்.

நெடுஞ்சாலைக்கு முதல் முறை போகும்போது அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே கற்க வேண்டியது இடைவெளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 17 மீட்டர் போகிறோம். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தாண்டும் வரை நிதானமாக மூன்று எண்ண முடிய வேண்டும். அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்து நுழைவார், நிச்சயமாக நுழைவார். மறுபடி பின்வாங்கி மூன்று எண்ணுங்கள். மீடியனில் விடப்பட்டிருக்கும் திறப்புகளிலும், சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடங்களிலும் தவறான திசையில் வண்டி வரும் என்று எதிர்பாருங்கள்.

போனில் 108-ஐயும், தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033-ஐயும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஸ்டெப்னி டயரின் காற்றை மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது, அதை எந்த இடத்தில் வைத்துத் தூக்க வேண்டும் என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கூல்களில் இதை வாயால் சொல்வதோடு விட்டுவிடுவார்கள்.